பம்பாய் ஹாஜி

பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் நினைவிருக்காது. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு அடி பின்னால் போய்விடுகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என் பெரியத்தாவை, என் அத்தாவுக்கு அண்ணனை, யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்டோ சீட்டு தைக்கிற கடை வைத்திருந்தார். அவருக்கு நாம் ஒரு பேர் வைத்தோம். பம்பாய் ஹாஜி. மக்காவுக்கு என்று கிளம்பி, பம்பாய் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தவர் என்று அர்த்தம். அந்தப் பேர் எங்கே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கடை என்றால், ஒரு ஆட்டோ உள்ளே வந்து நின்றுவிட்டால் ஆள் பக்கவாட்டில் நகர வேண்டிய இடம். நுழைந்ததும் ரெக்சின் வாசனை மூக்கில் ஏறும். அதற்கு மேல் ஸ்பாஞ்சு ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. பெரியத்தா வெட்டுவார், அத்தா மிஷினில் உட்கார்ந்து தைப்பார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

கடையில் பெரிய பொருள் வெட்டுகிற கத்திரிக்கோல்தான். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். கைப்பிடியில் கறுப்புப் பெயின்ட் தேய்ந்து உள்ளே வெள்ளை இரும்பு தெரியும். ரெக்சினில் அது ஓடும்போது திறந்து மூடுகிற சத்தமே வராது. ரெக்சின் தானாகப் பிரிந்து வழி விடுகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம் வரும். பெரியத்தாவைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. ஸ்கூல் விட்டு வந்ததும் வெட்டுத்துண்டு பொறுக்குகிற சாக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் யாரும் இல்லை என்று நினைத்துத் தூக்கிப் பார்த்தேன். பெரியத்தா வாசலில் நின்றிருந்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ரம்ஜானில் கத்திரிக்கோல் காணாமல் போனது.

பெருநாளுக்கு நாலு நாள் இருந்தது. புது சீட்டு கேட்டு ஆட்டோக்கள் சந்து முனை வரை நின்றன. மதியத் தொழுகைக்குப் போய்விட்டு வந்த பெரியத்தா மேசையைத் தடவினார். குனிந்தார். மிஷினுக்கு அடியில், ஸ்பாஞ்சு மூட்டைக்குள், சாமான் பரணில் என்று கடையையே புரட்டிப் போட்டார்கள். அன்று மதியம்தான் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற ஆள் மணி அடித்துக்கொண்டு சந்தில் போயிருந்தான். அன்று மதியம்தான் என் சட்டைப் பையில் நாலு பேரீச்சம்பழம் இருந்தது.

"ஏதுடா பழம்?" என்றார் அத்தா.

"பள்ளிவாசல்ல குடுத்தாங்க."

"மதியத்துல எவன்டா பள்ளிவாசல்ல நோன்பு தொறக்கறான்?"

முந்தின நாள் சாயங்காலம் கொடுத்ததை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். சரியான பதில் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். பெரியத்தா ஒரு அறை விட்டார். ஒன்றே ஒன்று. அதன் பிறகு அத்தா, சீட்டு ஓரத்தில் வைத்துத் தைக்கிற பைப்பிங் கயிற்றை எடுத்தார். சந்தே கூடி நின்று பார்த்தது. நீங்களும் நின்றீர்கள். தப்பாகச் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் நின்றிருப்பேன்.

இரும்புக்காரனை ஓடிப் பிடித்துக் கேட்டார்கள். அவன் கத்திரிக்கோலைப் பார்க்கவே இல்லை என்றான். அதனால் என் மேல் இருந்த சந்தேகம் போய்விடவில்லை. அவனும் கூட்டு என்று ஆனது.

பெருநாள் முடிந்து ஸ்கூல் திறந்த அன்று அத்தா என்னை அனுப்பவில்லை. "கடையில இருக்கட்டும். கண்ணு முன்னாடி இருந்தா கை நீளாது" என்றார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

*

பெரியத்தாவுக்கு ஹஜ் உத்தரவு ரம்ஜானுக்கு முன்பே வந்திருந்தது. நம் பக்கத்திலிருந்து அந்த வருஷம் ஏழு பேர். பெருநாளுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளிவாசல் முற்றத்தில் அவர்களுக்குத் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் பாடம் நடத்தினார். மக்காவில் இருக்கிற மாதிரி, சுற்றிப் பழக ஒரு கஅபா வேண்டும் என்றார். பெரியத்தா ஒரு மரப்பெட்டிக்குக் கறுப்பு ரெக்சின் போர்த்தினார். மேலே பட்டை மாதிரி மஞ்சள் பைப்பிங் வைத்து அத்தா தைத்தார். நான் பைப்பிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முதுகுக்குத் தெரிந்த அதே கயிறு, நிறம் மட்டும் வேறு.

பெட்டியைச் சுற்றி ஏழு பெரிய மனிதர்கள் ஏழு சுற்று நடப்பதை மதில் மேல் உட்கார்ந்து பார்த்துச் சிரித்தோம், நினைவிருக்கிறதா? மளிகைக்கடைக்காரர் எப்போதும் ஆறோடு நின்றுவிடுவார். "இன்னொண்ணு இருக்கு பாய்" என்று ஹஜ்ரத் கத்துவார். "கால் சுத்துது, சரி. உள்ள எதைச் சுத்திட்டு இருக்கீங்க? கடையையா?"

ஹஜ்ஜில் கட்டுவது தைக்காத இரண்டு வெள்ளைத் துணி. ஒன்று இடுப்பில், ஒன்று தோளில். அதைப் பற்றிச் சொல்லும்போது ஹஜ்ரத் பெரியத்தாவைப் பார்த்துத்தான் சொன்னார். "வாழ்நாள் பூரா தையல்லயே இருந்தீங்க. அங்க தையலுக்கு வேலை இல்ல பாய். பணக்காரனுக்கும் அதே ரெண்டு துண்டு, கூலிக்காரனுக்கும் அதே ரெண்டு துண்டு. நாளைக்கு மையத்துக்குப் போர்த்தறப்பவும் அதான். உயிரோட இருக்கும்போதே ஒருதரம் கட்டிப் பாருன்னு அல்லா கூப்பிடறான்."

வீட்டில் பெரியத்தா கட்டிப் பழகினார். இடுப்புத் துணி இரண்டு அடி வைப்பதற்குள் நழுவியது. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒரே ஒரு ஹூக்கு வச்சுத் தரட்டுமா? யாருக்குத் தெரியப் போவுது?"

"தைக்கக் கூடாதுடி."

"தையக்காரருக்கு வந்த சோதனையப் பாரு!"

அவர் சிரிக்கவில்லை. துணியைப் பிடித்தபடியே நின்றார். நான் கதவுக்கு வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் தோள் துணியை இழுத்து மார்பை மூடிக்கொண்டார். என்னிடம் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. அந்த நாட்களில் எனக்கு எல்லாமே அப்படித்தான் பட்டது. திருடன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அவன் மற்றவர்களின் கையையே பார்க்க ஆரம்பித்துவிடுகிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைத்தான் என்று ஒரு தூணின் மேல் கல் எறிகிற பாடம். "அந்தத் தூணுக்குள்ள சைத்தான் இருக்கானா ஹஜ்ரத்?" என்று மளிகைக்கடைக்காரர் கேட்டார்.

"தூணுல எங்க இருக்கான்? கல்லைப் புடிச்சிருக்கற கையில இருக்கான். அவனை வெளிய எறியறதுக்குத்தான் கல்லு."

பிறகு ஹஜ்ரத் முக்கியமானதைச் சொன்னார். "உங்களுக்கும் அல்லாவுக்கும் நடுவுல இருக்கறதை அவன் மன்னிச்சிடுவான். ஒரு மனுசனுக்கு நீங்க பண்ண தப்பை அந்த மனுசன்தான் மன்னிக்கணும். அரஃபாத் மைதானத்துல நின்னு எவ்வளவு அழுதாலும் அது இங்க காக்ஸ் டவுன்லயே கிடக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி வீடு வீடாப் போயி மாஃப் கேட்டு வாங்கிட்டு வாங்க."

பெரியத்தா கேட்டார். "சின்னப் பசங்கன்னா ஹஜ்ரத்?"

"சின்னப் பசங்களுக்கு என்ன?"

"இல்ல, மன்னிக்கறதுன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாதே."

"தெரியற மாதிரி கேளுங்க. பெரியவங்ககிட்ட கேக்கறது ஈஸி பாய். அவங்க பதிலை வாயிலயே ரெடியா வச்சிருப்பாங்க."

நான் ரெக்சின் பெட்டிக்கு மறுபக்கம் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். சின்னப் பசங்களைப் பற்றி இவர் ஏன் கேட்கிறார் என்று நினைத்தேன். நல்ல காரணம் ஒன்றுகூடத் தோன்றவில்லை.

*

மன்னிப்புக் கேட்கிற படலம் நம் சந்தில் ஒரு வாரம் நடந்தது. முஸ்லிம் வீடு என்றில்லை, பழகின எல்லா வீட்டுக்கும் போனார். முதல் வீடு டீச்சரம்மா வீடு. கிறிஸ்தவங்க, நமக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவங்க.

"தெரிஞ்சும் தெரியாமயும் ஏதாவது பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க டீச்சரம்மா. மக்காவுக்குக் கிளம்பறேன்."

"தெரியாம பண்ணதை விடுங்க பாய். தெரிஞ்சு என்ன பண்ணீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"ஐயோ, ஒண்ணும் இல்லம்மா. அப்படித்தான் கேக்கணும்."

"ஒண்ணும் இல்லாமயா ஒரு ஆம்பளை வாசல்ல வந்து மன்னிப்புக் கேப்பான்? எங்க வீட்டுக்காரர் நாப்பது வருஷத்துல ஒருதரம் கேட்டதில்ல."

அவர் போனதும் டீச்சரம்மா பின்பக்கம் போய்க் கோழிகளை எண்ணிப் பார்த்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட பெரியம்மாவும் மளிகைக்கடைக்காரரும் இருந்தார்கள். அத்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார். அத்தா எல்லோரும் சொல்கிற பதிலைச் சொன்னார். "மாஃப்ண்ணே. நீங்களும் என்னை மாஃப் பண்ணிடுங்க." அம்மாவும் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு அதையே சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். முழங்காலை மடித்து என் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"தம்பி, நீயும் என்னை மாஃப் பண்ணிடுப்பா."

பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை. "அவன்கிட்ட என்னத்துக்குண்ணே?" என்றார் அத்தா.

"இருக்கட்டும். சொல்லுப்பா."

நான் சொல்லவில்லை. அகங்காரம் என்று அப்போது பேசினார்கள். இல்லை. அந்தப் பதிலுக்கு இரண்டு பாதி உண்டு. மன்னித்தேன் என்று சொல்கிறவன், நீங்களும் என்னை மன்னியுங்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரும் அதைப் பாதியில் நிறுத்திக் கேட்டதில்லை. இரண்டாவது பாதியை நான் சொன்னால் என்ன ஆகும்? கத்திரிக்கோலை எடுத்தவன் நான்தான் என்று ஆகும். நாலு சாட்சி நிற்கிறார்கள். பையன் தானாகவே மன்னிப்புக் கேட்டுவிட்டான் என்று நாளைக்குச் சந்து முழுக்கச் சொல்வார்கள். இதற்குத்தான் சாட்சியோடு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பல்லை இறுகக் கடித்துக்கொண்டேன்.

"வாயைத் தொறடா" என்று அத்தா கை ஓங்கினார்.

பெரியத்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சு வாங்கினா அது மாஃப் இல்லப்பா."

அவர்கள் போன பிறகு சந்தேகம் எங்கள் இரண்டு வீட்டிலும் குடியேறியது. "அண்ணன் கடையைத் தன் பிள்ளை பேருக்கு எழுதிட்டாரு போல. இல்லன்னா எதுக்கு இப்படி உருகறாரு?" என்றாள் அம்மா. தன் புருஷனை அவமானப்படுத்த நாங்கள்தான் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தோம் என்று பெரியம்மா தண்ணீர்க் குழாயடியில் சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. அத்தா மிஷினை வேகமாக மிதித்தார்.

*

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், அத்தா பெட்டி கட்டக் கயிறு வாங்கப் போயிருந்தார். பெரியத்தா கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே சாய்வாக வெயில். அந்த வெயிலில் ஸ்பாஞ்சுத் தூசி பறந்தது.

"போன வாரம் ஒரு ஆட்டோக்காரன் வந்தான்" என்றார். என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். "சீட்டு ஒரு பக்கமா குத்துதுன்னான். பிரிச்சுப் பார்த்தேன்."

நான் மேசை ஓரத்துத் தூசியை விரலால் தேய்த்தேன்.

"பெருநாள் அவசரத்துல ஸ்பாஞ்சை வெட்டிட்டு, கத்திரியை அது மேலயே வச்சிருக்கேன். மேல ரெக்சினை இழுத்துப் போட்டு உங்கத்தாகிட்ட குடுத்துட்டேன். அவன் தைச்சுட்டான். ஒரு மாசம் ஊர்ஜனம் அது மேல உக்காந்து போயிருக்கு."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கு என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். சந்தோஷம் தோன்றவில்லை. ஷட்டரை ஏன் இறக்கினார் என்றுதான் தோன்றியது.

"அத்தாகிட்ட சொன்னீங்களா?" என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"வந்து சொல்றேன்பா. நாளைக்கு மாலை போட ஊரே வருது. ஒரு பையனைத் திருடன்னு அடிச்சுட்டுப் போறான்னு ஏழு பேருக்கும் கெட்ட பேராயிடும். வந்ததும் முதல் வேலை அதான். இப்ப நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. நான் அங்க போயி நிக்கணும்."

"நீங்க வந்து சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

இவ்வளவு தெளிவாக எப்படிப் பேசினேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் மேசையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "சரி. அது நியாயம்தான்" என்றார். ஷட்டரைத் தூக்கிவிட்டார்.

மறுநாள் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஏழு பேருக்கும் கழுத்து தெரியாமல் மாலை. லப்பைக் என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க எல்லோரும் சொன்னார்கள். வந்துவிட்டேன், இதோ வந்துவிட்டேன் என்று அர்த்தமாம். ரயில் நகரும்போது பெரியத்தா ஜன்னல் வழியாகக் கூட்டத்தில் யாரையோ தேடினார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன்.

*

நாற்பது நாள் கழித்து வந்தார். மொட்டையடித்த தலையில் வெள்ளை முடி அரிசி மாதிரி முளைத்திருந்தது. இளைத்துக் கறுத்திருந்தார். அப்போதுதான் பிறந்த குழந்தைபோல் பாவம் இல்லாமல் வருகிறவர் என்று எல்லோரும் கட்டிப்பிடித்துத் தங்களுக்காக துஆ கேட்கச் சொன்னார்கள். நான் அவருடைய வாயையே பார்த்தேன். இப்போது சொல்வார். சாப்பிட்ட பிறகு சொல்வார். நாளைக்குக் கடையில் சொல்வார்.

சொல்லவில்லை. ஒரு நாள் போனது, ஒரு வாரம் போனது. அத்தா என்னோடு முன்னைவிடக் குறைவாகப் பேசினார். பெரியத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். மன்னிப்பு வாங்கிவிட்டவர் மாதிரியே சிரித்தார். அதுதான் தாங்கவில்லை. அந்த வார்த்தையைத் திரும்ப அவர் கேட்கவே இல்லை. எனக்குத் தொப்பி கொடுத்தார், மக்காவின் பேரீச்சம்பழம் கொடுத்தார். கண்ணில் வைத்து அழுத்தினால் ஒவ்வொரு படமாக மாறுகிற சின்னப் பிளாஸ்டிக் கேமரா ஒன்று கொடுத்தார். கஅபா, மினாவின் கூடாரங்கள், அரஃபாத் மலையில் எறும்பு மாதிரி வெள்ளைத் துணி மனிதர்கள். வாயை அடைக்கக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் மோரியில் போட்டேன். சாக்கடையில் அது மிதந்து போனபோதுகூட எடுத்துவிடலாமா என்று கை துடித்தது.

இனி நீங்கள் வருகிறீர்கள். மார்க்கெட் சுவரோரம் நாம் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தோம். பெரியத்தா மக்காவிலிருந்து கொண்டுவந்து எல்லா வீட்டுக்கும் அனுப்பிய ஜம்ஜம் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தது.

"ஒரு மாதிரி உப்புக் கரிக்குதுடா" என்றான் ஒருவன்.

"அது போர் தண்ணிதான்" என்றேன் நான். எப்போதும் பேசாதவன் பேசியதால் எல்லோரும் திரும்பினீர்கள். அந்த ருசி எனக்குப் புதிது. "அவரு மக்காவுக்கே போகல. பம்பாய்ல ரூம் எடுத்துத் தங்கிட்டு வந்துட்டாரு."

"சுள்ளு உடாதடா."

"சுள்ளு இல்ல. எங்கத்தாவே சொன்னாரு."

"அப்ப மொட்டை?"

"பம்பாய்ல நாவிதனே இல்லையா?"

நீங்கள் சிரித்தீர்கள். டீச்சரம்மா வீட்டு மருமகன் அப்போதுதான் சைக்கிளை நிறுத்தினான். "பம்பாய் ஹாஜி!" என்று பேர் வைத்தது அவன்தான். ஆனால் அவன் கையில் களிமண்ணைக் கொடுத்தது நான். மற்ற ஆறு ஹாஜிகளும் அவரோடு அங்கே நின்றார்கள், ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. டீச்சரம்மா அன்று கோழிகளை எண்ணியதும் நம் பக்கம் சாட்சியானது. ஒரு மாதத்தில் பெரியவர்களும் சொன்னார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு டீக்கடையில் முகத்துக்கு நேராக, விளையாட்டாக. அவர் சண்டை போடவில்லை. "போனவனுக்குத் தெரியும், கூப்பிட்டவனுக்குத் தெரியும்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போவார். அதையும் குற்றவாளி பேசுகிற பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஜூன் மாதம் ஒருநாள் கடையில் என்னிடம் கேட்டார். "மறுபடி ஸ்கூலுக்குப் போறியாப்பா? நானே கொண்டுபோய் விடறேன்."

நான் கடையில் இருந்தால் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால் விரட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வேண்டாம் என்றேன். உண்மையில் எவ்வளவு ஆசை இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்கூல் மணி அடிக்கும்போதெல்லாம் மிஷினைச் சத்தமாக ஓட்டுவேன்.

அவர் இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மையத்து வீட்டு வாசலில் யாரோ போனில் "பம்பாய் ஹாஜி மௌத்தாயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு வேறு பேர் இருந்தது அந்த ஆளுக்குத் தெரியாது.

*

இந்த வருஷம் ஹஜ் குலுக்கலில் எனக்கும் என் மனைவிக்கும் பேர் வந்திருக்கிறது. இப்போது பாடம் கல்யாண மண்டபத்தில், சுவரில் படம் காட்டி நடக்கிறது. மன்னிப்புக் கேட்பதும் மாறிவிட்டது. தெரிந்தோ தெரியாமலோ என்று ஒரு செய்தியைப் போனில் இருநூறு பேருக்கு ஒரே தட்டில் அனுப்பிவிடுகிறார்கள். இருநூறு பேரும் கைகூப்புகிற படம் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். யாரிடமும் கேட்காமல் எல்லோரிடமும் கேட்டுவிடலாம். கூச்சப்படுகிற எனக்கு அது வசதிதான். ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

பொம்மனஹள்ளியில் என் வீட்டிலேயே அத்தா இருக்கிறார். எண்பத்தைந்து வயது. அம்மா போய்விட்டாள். ஹோசூர் ரோடு இரைச்சல் வருகிற ஜன்னலோரம் பிளாஸ்டிக் சேரில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். முதலில் அவரிடம்தான் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, தெரிஞ்சும் தெரியாமயும் என்று முழுவதும் சொன்னேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"உன் பெரியத்தா ஹஜ்ஜுல இருந்து வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு" என்றார்.

"எதை?"

"கத்திரியை. பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வந்தாரு. அழுதாரு. பையனைக் கூப்பிடு, அவன்கிட்ட நான் சொல்லணும்னாரு. நான்தான் தடுத்தேன். நானே சொல்லிக்கறேண்ணே, நீங்க போங்கன்னேன்."

"எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே அத்தா."

"சொல்லல. மறுநாள் வந்து கேட்டாரு. சொல்லிட்டேன், அவனும் மாஃப்னு சொல்லிட்டான்னு பொய் சொன்னேன். மறுபடி அந்தப் பேச்சை எடுத்தா பையன் அழறான், எடுக்காதீங்கன்னேன். கத்திரியை இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்."

ஏன் என்று கேட்டேனோ இல்லையோ, அவரே சொன்னார்.

"அவரு ஒரு அறைதான் அறைஞ்சாரு. நான் கயிறு அந்து போறவரைக்கும் அடிச்சேன். ஸ்கூல்ல இருந்து எடுத்தது நான். உன் முன்னாடி வந்து என்னன்னு சொல்றது? ஸ்கூலுக்கு அனுப்புன்னு அவரு சண்டை போட்டாரு. அவனையே கேளுங்கன்னேன். நீ வேணாம்னுட்டே. எனக்கு அது வசதியாப் போச்சு."

பிறகு, "நீயும் என்னை மாஃப் பண்ணிடு" என்று அவர் சொல்லவில்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் அவருக்கு வேலை வைக்காமல் மாஃப் என்று சொல்லிவிட்டேன். சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து சொன்னேன்.

அத்தாவுக்கும் எனக்கும் இருந்தது அன்றோடு முடிந்தது. பெரியத்தாவுக்கும் எனக்கும் இருப்பது முடியவில்லை. அவர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். நான் அவருக்குத் தருவதாகச் சொன்னதைத் தரவில்லை, மேலே ஒரு பேரையும் ஒட்டிவிட்டேன். பாடம் நடத்துகிற ஹஜ்ரத் சின்ன வயசுக்காரர். யார் என்று சொல்லாமல் அவரிடம் கேட்டேன். "இறந்தவர் மேல பொய் சொல்லியிருந்தா, யார் யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்டயே போய் அதை எடுக்கணும்ணா. துஆ எல்லாம் அப்புறம்" என்றார்.

முதலில் பெரியத்தாவின் பேரனிடம் போனேன். வைட்ஃபீல்டில் ஆபீஸ்களுக்கு வண்டி ஓட்டுகிறான். அவனை மற்ற டிரைவர்கள் பம்பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டான்.

"அப்படியா சின்னத்தா? நாங்க ஒரு காலத்துல பம்பாய்ல இருந்து வந்த குடும்பம்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்று சிரித்தான். "விடுங்க, பேரு நல்லாத்தான் இருக்கு. ஸ்வல்ப ஸ்டைலா இருக்கு."

அவன் விடச் சொல்லலாம். ஆனால் அது அவன் விடுகிற சங்கதி இல்லை.

அதனால்தான் இதை எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். பெரியத்தா மக்காவுக்குப் போனார். தைக்காத துணி கட்டி நின்றார். அந்தத் தண்ணீர் ஜம்ஜம்தான், அது அப்படித்தான் கரிக்கும். எங்கத்தா சொன்னார் என்று நான் சொன்னது பொய். நாளையிலிருந்து உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருகிறேன். டீ போட வேண்டாம், நான் வாசலிலேயே நின்றுகொள்கிறேன். அவர் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்று என் காதில் விழும்படி ஒருமுறை சொல்லுங்கள். நான் அடுத்த வீட்டுக்குப் போகிறேன்.